பிளாக் ஹீட்டர்: உறைகுளிரில் டீசல் லாரியைக் கிளப்புவதற்கு முன்

கனடாவின் வின்னிபெக், சஸ்கட்டூன், எட்மன்டன் போன்ற ஊர்களுக்கு முதன்முறையாகக் குளிர்காலத்தில் செல்பவர், அங்கே நிற்கும் லாரிகளின் முகப்புக் கிரில்லிலிருந்து ஒரு ஒயரும் அதன் நுனியில் ஒரு மூன்று முள் பிளக்கும் தொங்குவதைக் காண்பார். வண்டி நிறுத்துமிடங்களில் இடுப்புயரக் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டு, ஒவ்வொன்றிலும் பிளக் பாயின்ட் பொருத்தப்பட்டிருக்கும். இவை எல்லாம் மின்சார வண்டிகளோ என்ற ஐயம் எழுவது இயல்பு. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை டீசல் அல்லது பெட்ரோல் வண்டிகள்தாம். அந்த ஒயரின் மறுமுனையில் இருப்பது பிளாக் ஹீட்டர் எனப்படும் எஞ்சின் சூடேற்றி. டொராண்டோவிலிருந்து மேற்கு நோக்கிச் சரக்கு ஏற்றிச் செல்லும் தமிழ் ஓட்டுநர்களிலும் முதல் குளிர்காலத்தில்தான் இதன் அருமையை உணர்ந்தவர்கள் இருக்கிறார்கள். டொராண்டோவின் குளிர் வின்னிபெக்கின் குளிரோடு ஒப்பிடக்கூடியது அன்று.

இந்தக் கருவி ஏன் தேவைப்படுகிறது என்பதை அறிய, டீசல் எஞ்சின் எப்படித் தீப்பற்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் பொறி தட்டித் தீ மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் அப்படி எதுவும் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் பதினைந்தில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரையான இடத்துக்குள் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் போல, அந்த அழுத்தத்தில் காற்று கொதிப்பேறுகிறது. அந்நேரத்தில் பீய்ச்சப்படும் டீசல் அந்தச் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. டீசல் தானாகப் பற்றிக்கொள்ளச் சுமார் 210 டிகிரி செல்சியஸ் வேண்டும். எஞ்சின் தடையின்றிக் கிளம்புவதற்கு அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், டீசல் எஞ்சினுக்குச் சூடுதான் தீக்குச்சி.

உறைகுளிர் இந்தத் தீக்குச்சியைத்தான் நமுத்துப்போகச் செய்கிறது. அழுத்தம் காற்றின் வெப்பத்தோடு ஒரு குறிப்பிட்ட அளவைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதனால் வெளிக்காற்று 30 டிகிரியிலிருந்து மைனஸ் 30-க்கு, அதாவது 60 டிகிரி இறங்கினால், அழுத்தத்தின் உச்சியில் சிலிண்டருக்குள் இருக்கும் வெப்பம் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இறங்கிவிடுகிறது. மிஞ்சும் சூட்டையும் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்கும் சிலிண்டர் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் காற்று பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்து வெளியேறவும், சூடு சுவருக்குள் இறங்கவும் கூடுதல் நேரம் கிடைத்துவிடுகிறது.

மெதுவாகச் சுழல்வதற்கு வேறு இரண்டு காரணங்கள் காத்திருக்கின்றன. ஒன்று ஆயில். கனரக டீசல் எஞ்சின்களில் நெடுங்காலமாகப் புழங்கும் 15டபிள்யூ-40 ஆயில், மைனஸ் 25 டிகிரியில் பாகுபோல் இறுகிப்போய், தண்டைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று பேட்டரி. மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரியால் தன் முழு வலிமையில் ஏறத்தாழப் பாதியைத்தான் தர முடிகிறது. ஆக, எஞ்சின் மிக அதிக வலிமையைக் கேட்கும் வேளையில் பேட்டரியிடம் மிகக் குறைந்த வலிமையே இருக்கிறது. இந்நிலையில் விடாமல் சாவியைத் திருகிக்கொண்டிருந்தால் புகைபோக்கியிலிருந்து வெண்புகை கிளம்பும். அது பற்றாமல் ஆவியாக வெளியேறும் டீசல். அதன் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஆயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். எஞ்சின் எப்படியோ கிளம்பிவிட்டாலும் தேய்மானம் என்ற வகையில் அந்தக் காலைக்கு ஒரு விலை கொடுத்தாகிவிட்டது.

இப்போது கருவிக்கு வருவோம். பிளாக் ஹீட்டர் என்பது நம் வீடுகளில் வாளித் தண்ணீரில் போட்டு வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடுதான். வாளிக்குப் பதில் எஞ்சின், தண்ணீருக்குப் பதில் கூலன்ட், அதாவது எஞ்சினுக்குள் சுற்றி ஓடி அதன் சூட்டைத் தணிக்கும் திரவம். சிலிண்டர்கள் அமைந்திருக்கும் உடற்பகுதியான எஞ்சின் பிளாக்கை இரும்பில் வார்க்கும்போது உள்ளேயிருக்கும் மணலை வெளியேற்றுவதற்காகப் பக்கங்களில் வட்டத் துளைகள் விடப்படும். பின்னர் அவற்றைக் கிண்ணம்போன்ற உலோக மூடிகளால் அடைத்துவிடுவார்கள். அந்த மூடிகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அதே துளையில் ஹீட்டரைச் செருகினால், அதன் சூடேறும் கம்பி நேராகக் கூலன்டுக்குள் மூழ்கி நிற்கும். சூடான கூலன்ட் மெல்ல மேலேறிச் சிலிண்டர்களைச் சுற்றியுள்ள பாதைகளில் பரவ, இரும்பும் அதனுடன் சேர்ந்து வெதுவெதுப்பாகும். சூடான கூலன்ட் தானாக மேலே செல்லும் இந்த இயல்பினால், பம்ப் ஓடாமலேயே வேலை நடந்துவிடுகிறது.

இதன் தொடக்கம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது. கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஆன்ட்ரூ ஃப்ரீமன் என்ற பொறியாளர், எஞ்சினின் மேல்தலையை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்றின் இடத்தில் பொருத்தக்கூடிய ஒரு சூடேற்றியை உருவாக்கி, 1949-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனாலேயே அப்பகுதிப் பெரியவர்கள் சிலர் இன்றும் இதை ‘ஹெட்போல்ட் ஹீட்டர்’ என்றே அழைக்கிறார்கள். கூலன்டில் மூழ்கும் வகையே இன்று பெருவழக்கு. ரேடியேட்டரின் கீழ்க் குழாயில் இணைக்கும் வகையும், கூலன்டை வெளியே எடுத்துச் சூடாக்கிச் சிறு மோட்டாரால் திரும்பச் செலுத்தும் வகையும் உண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பிக்குப் பதிலாகச் செருகும் ஒரு மலிவான ஹீட்டரும் கடைகளில் கிடைக்கிறது. பெரிய டீசல் எஞ்சினுக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி.

சக்தி என்ற கணக்கில், கார்களில் 400 முதல் 600 வாட் வரையிலும், டீசல் பிக்கப் வண்டிகளில் 750 முதல் 1000 வாட் வரையிலும், நீண்டதூரக் கனரக லாரிகளில் 1000 முதல் 1500 வாட் வரையிலும் பொருத்துவது வழக்கம்.

புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இங்கே உண்டு. என் கருத்தில் இந்தக் கட்டுரையில் மற்றதை மறந்தாலும் இதை மறக்கலாகாது. பிளாக் ஹீட்டர் ‘வண்டியை’ச் சூடாக்குவதில்லை, எஞ்சின் பிளாக்கில் இருக்கும் கூலன்டை மட்டும் சூடாக்குகிறது. இரவெல்லாம் பிளக்கைச் செருகி வைத்திருந்தும் காலையில் வண்டி கிளம்பவில்லை என்று புலம்புபவர்களின் வண்டியைத் திறந்து பார்த்தால், ஹீட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்திருப்பது பலமுறை தெரியவரும். குற்றம் வேறெங்கோ இருக்கும்.

முதலில் டீசலையே எடுத்துக்கொள்வோம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். டீசலில் இயற்கையாகவே கரைந்திருக்கும் மெழுகும், குளிர் ஏற ஏற அப்படித்தான் சிறு படிகங்களாகத் திரளத் தொடங்கும். முதலில் டீசல் கலங்கும். பின்பு மெழுகு ஃபில்டரை அடைக்கும். கடைசியில் டேங்கிலிருப்பது கூழாகிவிடும். எஞ்சின் இளஞ்சூட்டில் தயாராக நின்றாலும், ஆறடி தள்ளியிருக்கும் டேங்கிலும் ஃபில்டரிலும் மெழுகு அடைத்திருந்தால் பயனில்லை. அதற்கு மருந்து வேறு: குளிர்காலத்துக்கென்றே கலக்கப்பட்ட டீசலை நிரப்புவது, தெற்கே மிதமான ஊரில் நிரப்பிய டீசலோடு வடக்கே செல்லாதிருப்பது, மெழுகு திரள்வதைத் தடுக்கும் திரவத்தைக் குளிர் தாக்குவதற்கு முன்பே டேங்கில் ஊற்றுவது. உறைந்த பின் ஊற்றுவதால் பெரும்பாலும் பயன் கிடைப்பதில்லை. இந்தச் சிக்கல் லடாக்கிலும் உண்டு. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் அங்கே அறிமுகப்படுத்தியதும் இதற்காகத்தான்.

அடுத்தது பேட்டரி. பிளாக் ஹீட்டரால் அதற்கு நேரடிச் சூடு எதுவும் கிடைப்பதில்லை. எஞ்சின் எளிதாகச் சுழல்வதால் அதன் சுமை குறைகிறது, அவ்வளவே. மைனஸ் 30-க்கும் கீழே செல்லும் ஊர்களில் பேட்டரியைச் சுற்றிப் போர்த்தும் தனி மின்கம்பளி விற்கப்படுவது இதனால்தான். மூன்றாவது, எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டி. வாளியில் ராடு போட்டு வைத்தால் மேல்தண்ணீர் கொதிக்கும்போதும் அடித்தண்ணீர் சில்லென்றிருப்பது நமக்குத் தெரியும். எஞ்சினிலும் சூடு மேலே ஏறிவிடுவதால், அடியில் குளிர்காற்றுக்கு முகம் காட்டிக்கொண்டிருக்கும் ஆயிலுக்கு அதில் சிறு பங்குதான் சேர்கிறது. கடுங்குளிர்ப் பகுதிகளில் ஆயில் தொட்டியின் அடியில் ஒட்டும் மின்தகடு ஒன்றையும் சேர்த்துப் பொருத்துகிறார்கள்; அது இயலாவிட்டாலும் 5டபிள்யூ-40 அல்லது 0டபிள்யூ-40 போன்ற, குளிரில் இளகியே இருக்கும் ஆயிலுக்கு மாறிவிடுவது நல்லது. அந்த ‘டபிள்யூ’ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருக்க இருக்க, குளிரில் ஆயில் எளிதாக ஓடும்.

நம் ஊரில் பழைய டீசல் ஜீப்பும் வேனும் ஓட்டியவர்கள், “ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் பண்ணு” என்று சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த ஹீட்டர் பிளக் வேறு, இந்த பிளாக் ஹீட்டர் வேறு. ஹீட்டர் பிளக் என்பது சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு முனை. சாவியைத் திருப்பியதும் வண்டியின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்து, சில நொடிகளில் சிவக்கக் காய்ந்து, தீப்பற்றுவதற்கு ஒரு சூட்டுப் புள்ளியைத் தருகிறது. கம்மின்ஸ் எஞ்சின் பொருத்திய பல பிக்கப்களில் அதற்குப் பதிலாக, உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும் ஒரு கம்பி வலை இருக்கும். இரண்டுமே கடைசி நொடி உதவிகள். இரும்பின் குளிரையோ ஆயிலின் இறுக்கத்தையோ அவற்றால் தொட முடியாது. இவற்றில் எது இருந்தாலும், கிளம்ப மறுக்கும் எஞ்சினின் காற்றுக்குழாயில், எளிதில் தீப்பற்றும் ஈதர் ஸ்பிரேயை அடிக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். சிவந்த கம்பியில் ஈதர் பட்டால் நேரம் தவறி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும்.

எவ்வளவு நேரம் செருகி வைக்க வேண்டும் என்பதே அடுத்த கேள்வி. ஒரு எளிய கணக்குப் போடலாம். ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 0.45 கிலோஜூல் வேண்டும். 500 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப் எஞ்சினை 40 டிகிரி உயர்த்த 9000 கிலோஜூல் ஆகும். 750 வாட் ஹீட்டர் அதைக் கொடுத்து முடிக்க 12,000 நொடிகள், அதாவது மூன்று மணி இருபது நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். கூலன்டும் ஆயிலும் காற்றுக்கு இழப்பதும் இதில் சேரவில்லை. மறுபுறம், எஞ்சின் முழுவதும் 40 டிகிரி உயர்ந்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. எனவே காருக்கு இரண்டு மணி நேரம் போதுமென்றால், டீசல் பிக்கப்புக்கு மூன்று நான்கு மணி நேரமும், அதைவிட இரண்டு மூன்று மடங்கு எடையுள்ள கனரக எஞ்சினுக்கு அதற்கு மேலும் ஆகும் என்பது புரியும். ஐந்து நிமிடம் செருகிவிட்டு அதிசயத்தை எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

இரவு முழுவதும் செருகி வைப்பதிலும் பெரிய பொருள் இல்லை. எஞ்சின் சூடாக ஆகச் சுற்றியுள்ள குளிருக்கு அது இழக்கும் சூடும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் ஹீட்டர் தருவதும் காற்று பறிப்பதும் சமமாகிவிடும். அதன் பிறகு ஓடும் மீட்டர் வெளிக்காற்றைச் சூடாக்குவதற்காக மட்டுமே ஓடுகிறது. 1000 வாட் ஹீட்டர் பத்து மணி நேரத்தில் பத்து யூனிட் மின்சாரம் எடுக்கும். புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு டைமரில் நான்கு மணி நேரம் வைத்தால் நான்கு யூனிட்டில் வேலை முடிந்துவிடும். அந்த டைமர் வெளிப்புறப் பயன்பாட்டுக்கும் அந்த ஆம்பியருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். வரவேற்பறை விளக்குக்கு வாங்கிய டைமர் உருகிப்போகும்.

ஹீட்டரே வேண்டாம், இரவெல்லாம் எஞ்சினை ஓடவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய லாரி எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினாலும் மணிக்குச் சுமார் மூன்று லிட்டர் டீசலைக் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு முப்பது லிட்டர். அதோடு, சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சின் கடுங்குளிரில் தன் சரியான சூட்டையே எட்டுவதில்லை. எரிந்தும் எரியாத கரி புகைவடிகட்டியில் படிந்து பின்னால் செலவு வைக்கும்.

எந்தக் குளிரிலிருந்து இதைப் பயன்படுத்தத் தொடங்குவது என்பதில் வண்டியின் கையேடு சொல்வதே இறுதி. பொதுவாக மைனஸ் 15-ஐ நெருங்கும்போது செருகத் தொடங்குவதும், மைனஸ் 20-க்குக் கீழே அதைக் கட்டாயமாகக் கொள்வதும் பழக்கம். இங்கே வானிலை அறிக்கையில் வரும் இரண்டு எண்களில் எதைப் பார்ப்பது என்ற குழப்பமும் புதியவர்களுக்கு வரும். வெப்பநிலை மைனஸ் 22, காற்றோடு சேர்ந்து உணரப்படுவது மைனஸ் 35 என்று சொல்வார்கள். இரண்டாவது எண் மனிதத் தோலுக்கானது. காற்று எஞ்சினை விரைவாகக் குளிர வைக்குமேயன்றி, மைனஸ் 22-க்குக் கீழே ஒரு டிகிரிகூட அதனால் கொண்டுபோக முடியாது. என்றாலும், சூடேறிக்கொண்டிருக்கும் எஞ்சினிலிருந்து காற்று சூட்டைப் பறித்துச் செல்லும் என்பதால், வண்டியின் முகப்பைக் காற்றடிக்கும் திசைக்கு எதிரே நிறுத்தாமல், ஒரு சுவரை ஒட்டி நிறுத்துவது பயன் தரும்.

ஒயர் விஷயத்தில் சிக்கனம் ஆபத்தானது. வட அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட்டில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். அங்கே சாதாரண இணைப்புகளின் வரம்பு 15 ஆம்பியர். மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு அதில் எண்பது விழுக்காட்டை, அதாவது 12 ஆம்பியரை மீறலாகாது என்பது விதி. எனவே அத்தகைய லாரிக்கு 20 ஆம்பியர் இணைப்புத் தேவை; ஒரே இணைப்பில் இரண்டு வண்டிகளைச் செருகுவது கூடவே கூடாது. நீட்டிப்பு ஒயர் குளிரில் விறைத்து வெடிக்காத, வெளிப்புறத்துக்கான வகையாகவும் போதிய தடிமனுடனும் இருக்க வேண்டும். அங்கே தடிமன் எண் தலைகீழாகச் செல்லும்: 16 மெல்லியது, 14 அதைவிடத் தடித்தது, 12 இன்னும் தடித்தது. சற்று நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்க்கையில் அது சுட்டால், உள்ளே தொடர்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். சாலையில் தூவும் உப்பும் பனிச்சேறும் தொங்கும் பிளக்கில் புகுந்து முள்ளை அரிப்பதால், ஓடும்போது அதன் மூடியைப் போட்டு வைக்க வேண்டும். இது சில்லறை விஷயமன்று. ஒயரில் நீரும் அழுக்கும் புகுந்து தீப்பிடிக்கும் வாய்ப்பிருப்பதாகக் கூறி, ஃபோர்டு நிறுவனம் 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வட அமெரிக்காவில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப்களைத் திரும்ப அழைத்தது.

ஹீட்டர் வேலை செய்கிறதா என்று அறியும் வழிகள் எளியவை. செருகிய சில நிமிடங்களில் எஞ்சின் பக்கம் காதை வைத்தால், கெட்டிலில் தண்ணீர் சூடாகும்போது எழுவது போன்ற மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்காவிட்டால் உடனே பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். சில வண்டிகளின் ஒயரிலேயே ஒரு வெப்பக் கட்டுப்பாடு பொதிந்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் பிக்கப்களில் மைனஸ் 18 டிகிரிக்கு மேல் அது மின்சாரத்தை உள்ளே விடாமல் இருக்கக்கூடும். இலையுதிர்காலத்தின் இதமான மாலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, நல்ல ஹீட்டரைக் கழற்றி எறிந்தவர்களின் கதை இதனால் பிறந்ததுதான். அத்தகைய கட்டுப்பாடு இல்லாத ஒயரென்றால், மல்டிமீட்டரால் பிளக்கின் இரு தட்டை முள்களுக்கிடையே மின்தடையை அளக்கலாம்: 120 வோல்ட்டுக்கான 1000 வாட் ஹீட்டரில் சுமார் 14 ஓம், 750 வாட்டில் 19, 1500 வாட்டில் 10-க்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். முடிவின்றி எகிறினால் கம்பி அறுந்திருக்கிறது.

ஹீட்டர் கம்பி அறுவதற்கு முதன்மைக் காரணம் அது உலர்ந்து எரிவதே. தண்ணீருக்கு வெளியே எடுத்த ராடைச் சுவிட்ச் போட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நடக்கும். கூலன்டை மாற்றிய பிறகு உள்ளே காற்றுக்குமிழ் தங்கியிருக்கும். எஞ்சினை நன்றாக ஓட்டி அது வெளியேறிய பிறகே ஹீட்டரைச் செருக வேண்டும். கூலன்டின் கலவையும் சரியாக இருக்க வேண்டும். உறைதடுப்புத் திரவமான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தண்ணீரே கலக்காத கிளைக்கால் இன்னும் நல்லதென்று தோன்றலாம். ஆனால் அது மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்.

பிளக் பாயின்ட்டே இல்லாத இடங்களில் என்ன செய்வது? கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில், யெல்லோநைஃப் அருகிலிருந்து உறைந்த ஏரிகளின் மேல் வைரச் சுரங்கங்களுக்குச் செல்லும் திபிட்–கான்ட்வாய்டோ பனிச்சாலையில் பல நூறு கிலோமீட்டருக்குக் கம்பம் இருக்காது. அத்தகைய வழிகளில் ஓடும் லாரிகளில், டேங்கிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசலை எடுத்து எரித்துக் கூலன்டைச் சூடாக்கிச் சுழலவிடும் சிறு அடுப்பு ஒன்றைப் பொருத்துகிறார்கள். வெபாஸ்டோ, எஸ்பார் ஆகிய பெயர்கள் ஓட்டுநர்களிடையே பிரபலம். எஞ்சின் ஓடுவதோடு ஒப்பிட்டால் அது குடிப்பது மிகக் குறைவு. விலை பிளாக் ஹீட்டரைப் போலப் பல மடங்கு என்பதால், இரவில் வீட்டு வாசலிலோ டிப்போவிலோ நிற்கும் வண்டிக்கு அது தேவையில்லை.

காலையில் புறப்படும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரைச் சுருட்டி மாட்டி, ஹீட்டர் பிளக் விளக்கு அணையும் வரை பொறுத்து, அதன் பிறகு ஸ்டார்ட்டரைத் திருக வேண்டும். எஞ்சின் பிடித்ததும் முறுக்காமல், ஆயில் அழுத்தம் நிலைபெறும்வரை சில நிமிடங்கள் தன் போக்கில் ஓடவிட்டு, பின்பு மெதுவாக நகர்த்தலாம். டயரும் கியர்பெட்டியும் இன்னும் குளிர்ந்தே இருக்கின்றன, அவற்றை எந்த ஹீட்டரும் தொடவில்லை. இவற்றில் முதல் வேலைதான் மறந்துபோகும். பிளக்கைப் பிடுங்காமல் வண்டியை எடுத்து, அறுந்த ஒயரைத் தெருவெல்லாம் இழுத்துச் சென்றவர்கள் அந்த ஊர்களில் ஏராளம். அதனால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் இரவில் ஒயரைச் செருகும்போதே, அதை ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கம்பத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.